பார்வதியின் அட்டிகை

ஜோதிமணி அக்காவின் கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்குச் சின்னச் சின்ன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து வேலை செய்தோம். விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்புத் தட்டிலும் இல்லையென்றால் பச்சைத் தட்டிலும் போட வேண்டும். உள்ளே போகுமுன் வளையல், செயின், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி லாக்கரில் வைக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் கழற்றிக்கொண்டு நிற்கையில் ஜோதியக்கா நேராக உள்ளே போய்விடுவார். கல்யாணங்களுக்கு வரும்போதும் அப்படித்தான். கவரிங் செயின்கூடக் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், திண்டுக்கல்லிலிருந்து வந்த துடுக்கில், ஏன் அக்கா இப்படி என்று கேட்டுவிட்டேன். "கழுத்துல ஏதாச்சும் பட்டா எரியுது செல்வி" என்றார். தோல் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

அவருடைய மகள் சுப்ரியா உண்மையில் அவருடைய அக்கா பார்வதியின் மகள். பார்வதி சூளகிரியில் ரோட்டைக் கடக்கும்போது லாரி மோதி இறந்தாள். அப்போது சுப்ரியாவுக்கு ஒன்றரை வயது. அந்த வருடமே பார்வதியின் கணவர் திம்மராயனுக்கு ஜோதியக்காவைக் கட்டிவைத்தார்கள். இதெல்லாம் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

2007 ஐப்பசியில் சுப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் ஓசூரிலிருந்து தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கௌதம், கிருஷ்ணகிரிக்காரன். தை மாதம் முகூர்த்தம். ஒரு நாள் டீ குடிக்கும்போது ஜோதியக்கா, மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் தன்னோடு ஆசாரி கடைக்கு வர முடியுமா என்று கேட்டார். ஒரு நகையை எடுத்துப் போக வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றார். திருடர்களுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடை பழைய பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது. ஆசாரி சௌந்தரராஜன் கோயம்புத்தூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். ஜோதியக்கா கைப்பையிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்தார். அதற்குள் வேட்டித் துணியில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டுக் கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

கெம்புக்கல் அட்டிகை. கழுத்தைச் சுற்றிப் பதினேழு சிவப்புக் கற்கள், நடுவில் சின்னத் தாமரைப் பதக்கம். வலது பக்கம் அப்படியே புதுசு மாதிரி இருந்தது. இடது பக்கம் கல்லை வைத்து நசுக்கியது போலத் தட்டையாகிக் கிடந்தது. நான்கு கற்கள் இல்லை. கொக்கி பிய்ந்திருந்தது.

ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படி இப்படி ஆனது என்று அவர் கேட்கவில்லை. இரண்டு வழி இருக்கிறது என்றார். நசுங்கியதை நிமிர்த்தி, கல் உட்காரும் கட்டங்களில் உடைந்தவற்றைப் புதிதாகச் செய்து, பெங்களூரிலிருந்து கெம்பு வாங்கிப் பதித்துப் பழைய உருவத்துக்கே கொண்டுவரலாம். ஒன்றரை மாதம் பிடிக்கும். இல்லையென்றால் கல்லைக் கழற்றிவிட்டு உருக்கலாம், சுமார் மூன்று பவுன் தேறும். இந்தக் காலத்துப் பெண்கள் ஆபீசுக்குப் போட்டுப் போகிற மாதிரி மெல்லிசாக ஒரு நெக்லஸும் தோடும் செய்துவிடலாம்.

"உருக்கிடுங்க" என்றார் ஜோதியக்கா. ஆசாரி வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை.

வீட்டில் கேட்டுக்கொண்டு சொன்னால் போதும், உருக்கினால் திரும்ப வராது என்று ஆசாரி நிதானமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே கண்ணில் லென்ஸை மாட்டி, கொக்கி பிய்ந்த இடத்தைப் பார்த்தார். இடுக்கியை எடுத்து எதையோ மெதுவாக இழுத்தார்.

"இதுல தலைமுடி சிக்கியிருக்குதுங்க. நல்ல நீளம். எடுத்துப் போட்டுடட்டுங்களா?"

ஜோதியக்கா எழுந்து அவருடைய கையையும் அட்டிகையையும் சேர்த்துப் பொத்தினார். பிறகு எல்லாவற்றையும் துணியோடு அள்ளி டப்பாவில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். வாசலில் விட்ட செருப்பை மாட்டவில்லை. அதையும் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

ராமநாயக்கன் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. அங்கேதான் அவர் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

அவர்களுடைய ஊர் பேரிகை. அப்பா கங்கப்பன் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்துகொண்டே வீட்டில் பட்டுப்புழு வளர்த்தவர். அந்த வீட்டில் நகை என்று இருந்தது அம்மாவின் அட்டிகை ஒன்றுதான். ஜோதியக்காவுக்குப் பதிமூன்று வயதில் அம்மா காய்ச்சலில் படுத்தார். எழவில்லை. போவதற்கு முன் இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, அட்டிகை இரண்டு பேருக்கும் பொது, யாருக்கு விசேஷமோ அவர்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். பார்வதி கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது அட்டிகையும் அவளோடு வந்தது. அதற்குப் பிறகு அது பேரிகைக்குத் திரும்பவில்லை. ஊர்ப் பண்டிகைக்குக் கேட்டால் கொக்கி சரியில்லை என்பாள். தோழி கல்யாணத்துக்குக் கேட்டால் அடுத்த வாரம் என்பாள்.

1987 மாசியில், ஜோதியக்காவுக்கு இருபது வயது. பர்கூரிலிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் ஓர் இன்லண்ட் லெட்டர் வாங்கி அக்காவுக்கு எழுதினார். அதில் என்ன எழுதினார் என்பதை ஏரிக்கரையில் எனக்குச் சொன்னபோது, எதிரே யாரோ பிடித்துக்கொண்டிருக்கும் காகிதத்தைப் பார்த்துப் படிப்பது போலச் சொன்னார்.

"அட்டிகையைக் கொண்டு வந்தால் வா. இல்லையென்றால் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்காதே. அம்மா உனக்கு மட்டும் அம்மா இல்லை."

சனிக்கிழமை காலையில் பார்வதி குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். பையில் வைத்தால் கூட்டத்தில் யாராவது அடித்துவிடுவார்கள் என்று அட்டிகையைக் கழுத்தில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள். சூளகிரியில் இறங்கிப் பேரிகை பஸ்ஸுக்காக ரோட்டைக் கடந்தபோது கிரானைட் ஏற்றிய லாரி வந்தது.

பேரிகை பஸ் ஸ்டாப்பில் ஜோதியக்கா காத்துக்கொண்டிருந்தார். அக்கா வரமாட்டாள், பிடிவாதக்காரி என்று திட்டிக்கொண்டே மூன்று பஸ்ஸைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் செய்தி வந்தது. போலீஸ்காரர்கள் அட்டிகையைக் காகிதத்தில் சுற்றி அப்பாவிடம் கொடுத்தார்கள். அப்பா அதைத் திம்மராயனிடம் கொடுத்தார். அவர் பீரோவில் வைத்தார். பார்வதி அன்று எதற்குப் புறப்பட்டாள் என்று யாரும் விசாரிக்கவில்லை. தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள், அக்கா வருவாள்தானே.

குழந்தைக்காகத் திம்மராயனைக் கட்டிக்கொள்ளும்படி பெரியவர்கள் சொன்னபோது ஜோதியக்கா மறுக்கவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை என்று அவரே சொன்னார். மாட்டேன் என்று சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று தோன்றியதாம். கல்யாணமாகி ஓசூர் வீட்டுக்கு வந்த முதல் வாரமே அந்தக் கடிதத்தைத் தேடினார். காலண்டருக்குப் பின்னால், அலமாரியில் விரித்த காகிதத்துக்கு அடியில், பார்வதியின் புடவை மடிப்புகளில், அரிசி டப்பாவில். கிடைக்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும் சாக்கில் மறுபடி தேடுவார். வீடு மாறியபோது சாமான்களை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். திம்மராயன் அதைப் படித்திருப்பாரா என்பதுதான் அவரைத் தின்ற கேள்வி. கேட்க மட்டும் துணியவில்லை.

"சமையக்கட்டுல நின்னுட்டு இருப்பேன். பின்னாடி யாரோ வந்து வழிக்கோசரம் நிக்கற மாதிரி இருக்கும். நான் ஒதுங்கிக்குவேன். இருபது வருஷமா ஒதுங்கிட்டு இருக்கேன் செல்வி."

பிறகு மடியிலிருந்த டப்பாவைத் தொட்டுக்கொண்டு, "இந்த முடி அவளுதா, அம்மாவுதா, என்னுதான்னு தெரியல. மூணு பேருக்கும் ஒரே மாதிரி முடி. நானும் ஒருவாட்டி போட்டிருக்கேன், பதினஞ்சு வயசுல" என்றார்.

இருட்டுவதற்குள் அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

வீட்டில் நடந்ததை அவர் அடுத்த வாரம் சொன்னார். அட்டிகையைப் புது நெக்லஸாக மாற்றிவிடலாம் என்று அவர் சொன்னதும் சுப்ரியா ஒத்துக்கொள்ளவில்லை. பார்வதி அந்த அட்டிகையோடு இருக்கும் ஒரே ஒரு படம் அந்த வீட்டில் உண்டு, ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம். அதில் இருப்பது போலவே வேண்டும், கல் ஒன்றுகூட மாறக்கூடாது என்றாள். அட்டிகை ஏன் நசுங்கியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. கட்டில் காலில் மாட்டிக்கொண்டது என்று சின்ன வயதில் சொல்லிவைத்திருந்தார்கள். ஜோதியக்கா மறுபடி மறுபடி உருக்கலாம் என்றே சொன்னார். கல் கிடைக்காது என்றார், பழைய மோஸ்தர் என்றார், மாப்பிள்ளை வீட்டில் சிரிப்பார்கள் என்றார். கடைசியில் சுப்ரியா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"எங்கம்மாவோட பொருள் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது உனக்கு. அதான?"

அவள் ஜோதியக்காவைத்தான் எப்போதும் அம்மா என்று கூப்பிடுவாள். 'எங்கம்மா' என்று வேறொருத்தியைச் சொல்லி அவர் கேட்டது அன்றுதான்.

ஜோதியக்கா டப்பாவை எடுத்து வந்து அவள் முன்னால் திறந்து வைத்தார். அது அவளுடைய அம்மாவின் கழுத்தில் இருந்தபோது நசுங்கியது என்று சொன்னார். சனிக்கிழமை, பஸ், லாரி எல்லாம் சொன்னார். பிறகு கடிதத்தையும் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல், என்னிடம் சொன்ன மாதிரியே. திம்மராயன் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜோதியக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, அவரிடம் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

திம்மராயன் சொன்னார்:

"பார்வதிக்கு எங்க படிக்கத் தெரியும்? அந்த லெட்டரைப் படிச்சுக் காட்டினதே நான்தான்."

பார்வதி இரண்டாம் வகுப்போடு நின்றவள். தன் பெயரை எழுதுவாள், அவ்வளவுதான். இது ஜோதியக்காவுக்குத் தெரியாததல்ல. எழுதிய கோபத்தில் அன்றைக்கு நினைக்கவில்லை. பிறகு இருபது வருடம் யோசித்தபோதும், அந்தக் கடிதத்தைப் பார்வதியே கையில் வைத்துப் படிப்பதாகத்தான் அவர் மனதில் ஓடியது.

மிச்சத்தைத் திம்மராயன் தரையைப் பார்த்தபடியே சொன்னார். கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்துக் காட்டியதும் பார்வதி அழுதாள். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கூட்டிப் போகிறீர்களா என்று அவரிடம் கேட்டாள். அக்கா தங்கை சண்டையில் அவருக்குச் சலித்துப் போயிருந்தது. ஞாயிறு ஓவர்டைம் இருக்கிறது, நாளைக்கே நீ போய்க் கொடுத்துவிட்டு வா, தொல்லை தீரட்டும் என்று சொல்லிவிட்டார். ஓவர்டைம் இருந்தது உண்மை. அவர் வேண்டாம் என்றிருந்தால் கம்பெனியில் விட்டிருப்பார்கள். பார்வதியை எடுத்துப் போன அன்று மாலை கடிதத்தை அடுப்பில் போட்டார்.

"நான் தேடறதை நீ பாத்தியா மாமா?" என்று கேட்டார் ஜோதியக்கா. பார்வதியின் கணவனாக இருந்த காலத்தில் கூப்பிட்டது போலவே இன்றும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"பாத்தேன்."

"ஒவ்வொரு பொங்கலுக்கும்?"

"சொல்லணும்னுதான் இருப்பேன். சொன்னா என்னுதும் சொல்லணுமே ஜோதி."

என்னிடம் இதைச் சொல்லும்போது ஜோதியக்கா பூதக்கண்ணாடியிலிருந்து தலையை எடுக்கவில்லை. கையில் இருந்ததைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அவர் சிவப்பில் போட்டது நல்ல பாகம். நான் எடுத்து மாற்றி வைத்தேன்.

சுப்ரியா நான்கு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. காலையில் பஸ் பிடிப்பாள், வந்தால் அறைக்குள் போய்விடுவாள். ஐந்தாம் நாள், சனிக்கிழமை, ஜோதியக்காவிடம் வந்து ஆசாரியிடம் போகலாம் என்றாள். என்னையும் ஜோதியக்கா கூப்பிட்டார். சுப்ரியாவோடு தனியாகப் போகத் தைரியம் இல்லை என்று பிறகு ஒத்துக்கொண்டார்.

கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஆசாரி முன்பு சொன்ன இரண்டு வழிகளையும் மறுபடி சொன்னார். ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொன்னார்: பழையபடி செய்தாலும் அது பழையது ஆகாது. கல்லுக்கு அடியில் இருக்கும் அரக்கை எல்லாம் எடுத்துவிட்டு, நெருப்பில் காட்டி, ஆசிட்டில் போட்டுத்தான் நிமிர்த்த முடியும். எட்டுக் கட்டங்கள் புதிதாகத்தான் வரும். முன்னால் இருந்தது எதுவும் அதில் ஒட்டிக்கொண்டிருக்காது.

"நீ சொல்லும்மா" என்றாள் சுப்ரியா. அது கோபமா, விட்டுக்கொடுத்ததா என்று அவள் முகத்தில் எனக்குத் தெரியவில்லை.

ஜோதியக்கா நெடுநேரம் அட்டிகையைப் பார்த்தார். "பழைய மாதிரியே செய்ங்க" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "உருக்கிட்டா நான் தப்பிச்சுடுவேன். அதுக்கோசரம்தான் அன்னைக்கு உருக்கச் சொன்னேன்" என்றார்.

முடியை என்ன செய்வது என்று ஆசாரி கேட்டார். ஜோதியக்கா அவரிடமிருந்து இடுக்கியை வாங்கினார். தினமும் சின்னப் பாகங்களை எடுத்து வைக்கிற கை. கொக்கி வளையங்களுக்கு நடுவிலிருந்து முடியை அறுபடாமல் மெல்ல மெல்ல உருவி எடுத்தார். ஒன்றரை முழம் இருந்தது. சுப்ரியா உள்ளங்கையை நீட்டினாள். அதில் வைத்தார். யாருடைய முடி என்று நிச்சயமாகத் தெரியாது, தன்னுடையதாகவும் இருக்கலாம் என்று அவளிடம் உண்மையைச் சொன்னார். சுப்ரியா அதை விரலில் சுற்றி, கைக்குட்டையில் வைத்து மடித்துக்கொண்டாள். யாருடையதாக இருந்தால் என்ன என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் ஜோதியக்காவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

மார்கழி முடிவில் அட்டிகை வந்தது. சௌந்தரராஜன் நல்ல வேலைக்காரர். ஸ்டூடியோ படத்தை வாங்கி வைத்துக்கொண்டு செய்திருந்தார். எது பழைய கட்டம், எது புதியது என்று எங்கள் இருவருடைய பழகிய கண்ணுக்கே தெரியவில்லை. விளக்கைக் காட்டிப் பார்த்தபோது புதுக் கற்கள் நான்கும் ஒரு பொட்டு அதிகமாகச் சிவந்திருந்தன.

சுப்ரியா நடந்ததை எல்லாம் கௌதமிடம் சொல்லிவிட்டாள். அவன் தன் அம்மாவிடம் சொன்னான். அந்த அம்மாள் நல்லவர்தான். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் அந்த அட்டிகை வேண்டாம், வேறு எப்போது வேண்டுமானாலும் போடட்டும் என்று சொல்லியனுப்பினார். யாரும் அதை மறுக்கவில்லை. முந்தின நாள் வரவேற்புக்குப் போடுவதென்று முடிவாயிற்று.

ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டில் மண்டபம். ஆறு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்த இரைச்சல். ஜோதியக்காவும் நானும் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். மணப்பெண் அறைக் கதவு திறந்து சுப்ரியா வெளியே வந்தாள். சிவப்புப் பட்டு, கழுத்தை ஒட்டி அட்டிகை. கூட்டத்தைப் பார்த்ததும் கூச்சத்தில் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு நடந்தாள்.

ஜோதியக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது.

"அப்படித்தான் மூடிட்டு வந்திருப்பா" என்றார்.

மேடையில் திம்மராயன் நின்றுகொண்டிருந்தார். அவர் மகளைப் பார்க்கவில்லை. ஓரமாக நகர்ந்து, அவளுக்குப் பின்னால் இன்னொருவர் வருவதற்கு இடம் விட்டது போல நின்றார். யாரும் வரவில்லை. போட்டோக்காரர் அவரைக் கிட்டே வரச்சொல்லி இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

சுப்ரியா ஒரு மணி நேரம்தான் அதைப் போட்டிருந்தாள். கழுத்தில் குத்துகிறது என்று கழற்றிவிட்டாள். ஆனால் கல்யாணம் முடிந்து பெங்களூருக்குக் குடிபோனபோது எடுத்துக்கொண்டு போனாள். ஜோதியக்காவிடம் விட்டுவிட்டுப் போவாள் என்று நான் நினைத்திருந்தேன். மாதம் ஒருமுறை வருகிறாள். இன்னும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். முன்பு போலச் சமையலறைக்குள் வந்து நின்று பேசுவதில்லை. ஹாலில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறாள். அதுவும் மாறும் என்று நான் சொன்னேன். ஜோதியக்கா தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

அந்த வருடம் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவரைக்காய்க் குழம்பு, ராகிக் களி. திம்மராயன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பார்வதி இதில் கொஞ்சம் எள்ளு அரைத்துப் போடுவாள் என்றார். மிகச் சாதாரணமாகச் சொன்னார். இருபது வருடம் அந்த வீட்டில் சொல்லப்படாத பெயர். இப்போது தினமும் வருகிறதாம், சாப்பாட்டு நேரத்தில்தான் அதிகம்.

"எள்ளு அவளுக்குப் பிடிக்காது மாமா. வீட்டுல எள்ளு வறுத்தாலே வெளியே போயிடுவா."

"எங்கிட்ட இருந்தப்ப போட்டா."

"உனக்கோசரம் போட்டிருப்பா."

திம்மராயன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். அப்படியும் இருக்கலாம் என்றார். பிறகு பார்வதி சிரித்தால் எந்தப் பக்கம் குழி விழும் என்று இருவருக்கும் பேச்சு வந்தது. ஜோதியக்கா இடது என்றார், திம்மராயன் வலது என்றார். படத்தில் அவள் சிரிக்கவில்லை, பார்த்துச் சொல்ல முடியாது. விட்டுக்கொடுக்காமல் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. நான் கை கழுவிவிட்டு வந்தபோதும் பேச்சு முடியவில்லை.